அடித்த சொல்

டிரோம்ஸோவில் நவம்பர் முடிந்தால் சூரியன் எட்டிப் பார்ப்பதில்லை.
மதியம் இரண்டு மணிக்கும் விளக்கெரியும் ஆவணக் காப்பகத்தில்
ஒரு கலங்கரை விளக்கத்தின் நாட்குறிப்பை
ஈங்வில்ட் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாள்.
தட்டச்சு என்றால் பாதிதான் சரி.
ஒவ்வொரு சொல்லுக்கும் அது யாரென்று
கோண அடைப்புக்குள் எழுதிவைக்க வேண்டும்:
இது தேதி. இது காற்றின் திசை.
இது கப்பலின் பெயர், ஊரின் பெயர் அல்ல
(ஒருமுறை இரண்டும் ஒன்றாயிருந்து
அரை நாள் போனது).

எழுத்து தடித்ததா சாய்ந்ததா என்று அவள் சொல்வதில்லை.
அதெல்லாம் உடுப்பு; பிறகு யாராவது உடுத்திவிடுவார்கள்.
அவள் எழுதுவது உறவுமுறை:
எது எதற்குள், எது யார் பிள்ளை.

விதி ஒன்றுதான் கறார்.
திறந்ததை மூடு.
கடைசியாய்த் திறந்ததை முதலில் மூடு.
சம்புடத்துக்குள் சம்புடம்;
உள்மூடி போடாமல் வெளிமூடி உட்காராது.

ஆனால் 1908 பிப்ரவரியில்
விளக்குக் காவலர் ஆஸ்முண்ட் லைர்வோக்
பதினொன்றாம் தேதி இரவு ஒரு புயலைத் தொடங்கி
பன்னிரண்டாம் தேதி காலையில் முடிக்கிறார்.
நாள் என்ற பெட்டி நள்ளிரவில் மூடிக்கொள்கிறது.
வாக்கியம் மூடவில்லை.
வடமேற்குக் காற்று பாதி இந்தப் பெட்டியில்,
பாதி அந்தப் பெட்டியில்.
இயந்திரம் சிவப்புக் கோடு போட்டு
வரி எண் சொல்லி வைகிறது.
ஈங்வில்ட் புயலை இரண்டாக அறுக்கிறாள்.
இரண்டு துண்டுக்கும் ஒரே எண் கொடுத்து
'மிச்சம் அங்கே' என்று சுட்டிவைக்கிறாள்.
மணி நான்கு. காப்பி ஆறிவிட்டது.

அறுத்த இடத்துக்குக் கீழே இன்னொரு வரி.
அதன் மேல் இரண்டு கோடு,
அதே மை, அதே கை.
தாளை விளக்கருகே பிடித்தால் பளிச்சென்று தெரிகிறது:
தூங்கிவிட்டேன். விளக்கு நின்றது.
இரண்டேகால் முதல் மூன்றரை வரை.

அடித்த சொல்லுக்கென்று ஒரு குறிச்சொல் உண்டு.
விசித்திரமானது அது:
நீக்கப்பட்டது என்று அறிவித்துவிட்டு
நீக்கியதை அப்படியே மடியில் வைத்திருக்கும்.
ஆஸ்முண்ட் இரண்டு கோட்டால் மறைத்ததை
மூன்று நொடியில் தேடித் தரும்,
உலகத்தில் யார் கேட்டாலும்.

எதிர் மேசை யோஸ்டைன் எழுந்து வந்து பார்க்கிறான்.
'வாசிக்க முடியவில்லை'ன்னு போட்டுவிடேன்,
அதற்கும்தான் குறிச்சொல் இருக்கிறதே.
அவர் கொள்ளுப்பேரன்தான்
போன மாதம் எனக்குக் கடவாய்ப்பல் பிடுங்கினார்.

அவள் துறைமுகப் பதிவேடுகளை வரவழைக்கிறாள்.
அன்றிரவு அந்த வழியே போன கப்பல் இல்லை.
மறுநாளும் பார்க்கிறாள். இல்லை.
யாரும் சாகவில்லை. எதுவும் மோதவில்லை.
எழுபத்தைந்து நிமிடம்
கடல் தன்பாட்டுக்கு இருட்டாக இருந்தது.
ஒரு மனிதன் மேசையில் தலைவைத்து உறங்கினான்,
எழுந்தான், எழுதினான்,
எழுதியதைப் பார்த்துப் பயந்தான்.

எழுதாமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்குப் படுகிறது.
எழுதிவிட்டு அடித்திருக்கிறார்.
அடித்தவர் கிழிக்கவில்லை.
பின்னால் நூற்றுப் பத்துப் பக்கம் இருக்கிறது,
இந்த ஒரு தாள் போனால் யார் எண்ணப்போகிறார்கள்?

புதன்கிழமை குறிச்சொல்லைத் திறக்கிறாள்.
சொற்களை இடுகிறாள், ஒன்றுவிடாமல்.
அடித்தவர்: எழுதியவரே.
எவ்வளவு உறுதி? என்று ஒரு கட்டம் கேட்கிறது.
அதிகம், நடுத்தரம், குறைவு.
பளிச்சென்று தெரிந்த வரிக்கு
குறைவு என்கிறாள்.

மூடுகிறாள்.
கதவு கதவாகத் தள்ளிப் பார்க்கும் இரவுக் காவலாளிபோல
இயந்திரம் மேலிருந்து கீழ்வரை ஓடுகிறது.
பிழை: பூஜ்யம்.

யோஸ்டைன் எதுவும் கேட்கவில்லை.
வெளியே துறைமுக வாயிலில்
எட்டு நொடிக்கொருமுறை ஒரு பச்சை விளக்கு
எரிந்து அணைகிறது.
அதற்கு இப்போது ஆள் வைப்பதில்லை.